தொடர்பில்லை என்று எழுதிய நாலு நிமிடம்

1

போன வாரம் இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு தொலைபேசிக் கடையில் நான் யாரென்று நிரூபிக்கச் சொன்னார்கள். சிம் அட்டை பழுதாகிவிட்டது, அதே எண்ணில் புதிது கொடுங்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த நம்பர் உங்க பேருல இல்லையே. ஓனர் நேரா வரணும்லா."

"அவர் வரமாட்டாரும்மா. காலமாகி ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப இந்த ஆறு வருஷமா யாரு பேசினா?"

"நான்தான். அதுக்கு முன்னாடியும் நான்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண் என் கொழுந்தனார் பேரில் இருக்கிறது. நான் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. முதல் கைபேசி வாங்கப் போன அன்று என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கக் குடிநுழைவுத் துறையில் கிடந்தது. "இதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்க முடியுமா அண்ணி?" என்று கொழுந்தனார் தன் ஐசியை நீட்டினார். அடையாள அட்டையை இங்கே எல்லாரும் ஐசி என்றுதான் சொல்வார்கள். அதோடு அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் மறந்தோம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றிய குற்றத்துக்காக, சுங்காயைச் சேர்ந்த மணியம் என்ற மனிதர் இன்றைக்குக் கடல் தாண்டி ஒரு சிறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கே அனுப்பிய காகிதங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது.

2

நான் மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், உயில், விவாகரத்து மனு என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் மாற்றிக் கொடுப்பேன். நீதிமன்றத்தில் தமிழ் மட்டும் தெரிந்த சாட்சிகளுக்கு வாயாக இருப்பேன். இரண்டு வருடம் முன்பு வழக்கமில்லாத ஒரு வேலை வந்தது. ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்தது. பெயர் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கைப் பற்றி நான் இங்கே சொல்வதெல்லாம் பிறகு எல்லார் முன்பும் நீதிமன்றத்தில் பேசப்பட்டதுதான்.

வெளிநாட்டு வேலை என்று ஆள் பிடித்துக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சக்கையாகப் பிழியும் ஒரு கும்பல். அதன் தலைவன் அந்த நாட்டில் குடியேறிய தமிழன். போலீஸ் ஒரு நீதிபதியிடம் உத்தரவு வாங்கி அவன் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. இன்ன எண், இன்ன குற்றம், இத்தனை நாள் என்று உத்தரவில் எல்லாம் இருந்தது. அவன் அடிக்கடி பேசியது எங்கள் பேராக் மாநிலத்தில் இருந்த ஓர் எண்ணோடு. பேச்சு தமிழ்தான், ஆனால் அங்கே இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பாதிதான் புரிந்தது.

அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா, "பாசார்ல சாயோர் முராவா இருக்கு" என்றபோது யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். சந்தையில் காய்கறி மலிவு என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். மலாயும் ஆங்கிலமும் தோட்டத்துப் பேச்சும் கலந்த இந்தத் தமிழ் எனக்குப் பிடிபட ஐந்து வருடம் ஆயிற்று. ஆகவே இரு நாடுகளும் குற்ற வழக்குகளில் ஒன்றுக்கொன்று உதவும் ஏற்பாட்டின்படி ஒலிப்பதிவுகள் முத்திரையிட்டு மலேசியாவுக்கு வந்து, ஈப்போவில் ஒரு நிறுவனம் வழியாக என் காதுக்கு வந்தன.

பூட்டிய அறை. கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். விதிகள் மூன்று பக்கத்துக்கு இருந்தன. பேசுகிறவர்களின் பெயரை எனக்குத் தரமாட்டார்கள், முதல் குரல், இரண்டாம் குரல் என்றுதான். பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். வழக்கறிஞரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். குடும்பம், நோய் நொடி, அந்தரங்கம் என்று வழக்குக்குச் சம்பந்தமில்லாத எதையும் மொழிபெயர்க்கக் கூடாது. நேரத்தைக் குறித்து, "குடும்பப் பேச்சு, தொடர்பில்லை" என்று எழுதிவிட வேண்டும். அப்படிக் குறித்த பகுதிகளைக் கெடு முடிந்ததும் நீதிபதியின் மேற்பார்வையில் அழித்துவிடுவார்கள். சந்தேகம் ஏதாவது இருந்தால் எழுத ஓரத்தில் ஒரு கட்டம் இருந்தது.

அந்த மூன்று பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா?

3

ஊரில் எங்கள் தெருமுனையில் ஓர் ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கிருந்து கூப்பிடுவேன். பூத்காரர் ஆள் அனுப்பி என் ஆத்தாவை வரச் சொல்வார். கண்ணாடிக் கதவு எப்போதும் முழுசாகச் சாத்தாது. ஆத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் நான் சொல்வதைத் திருப்பிச் சத்தமாகக் கேட்பார். "என்னது, மாசமா இருக்கியா?" என்று அவர் கேட்டது தெருவுக்கே கேட்டது. அவர் வீடு போய்ச் சேருவதற்குள் பூக்காரம்மா வாசலில் நின்று விசாரித்துவிட்டாராம்.

அது போகட்டும், நல்ல செய்தி. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அழுதுவிட்டேன். பத்து நாளில் தங்கை கடிதம் எழுதினாள். நீ அழுதாயாமே, கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அப்பச்சிக்குத் தலை குனிவாகிவிட்டது என்று. அதன் பிறகு நான் ஆத்தாவிடம் சொன்னதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்பது மட்டும்தான். வீட்டுக்கே தொலைபேசி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆத்தா போய்விட்டார். உண்மையாக நாலு வார்த்தை நாங்கள் பேசவே இல்லை.

ஆகவே யாரென்றே தெரியாத ஒருவனின் வீட்டுக் கதையை யாரும் கேட்கக் கூடாது என்று ஒரு நாடு விதி எழுதி வைத்திருக்கிறது என்றதும் எனக்கு அந்த நாட்டின் மேல் பிரியமே வந்துவிட்டது. "தொடர்பில்லை" என்று எழுதிய ஒவ்வொரு முறையும் அந்தப் பூத்தின் கதவை இழுத்துச் சாத்துவது போல் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சாத்தினேன்.

4

மூன்றாம் வாரம் அந்தப் பேச்சு வந்தது. குளிர் நாட்டுக்காரன் ஆட்களின் பட்டியல் கேட்டுக்கொண்டிருக்கிறான். பேராக் குரல் நடுவில் மறித்தது.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. பிள்ளைக்கு டெமாம்லா. உடம்பு கொதிக்குது."

"கிளினிக்குக்குக் கொண்டு போயேன்."

"மணியம் அண்ணே மோட்டோ எடுத்துக்கிட்டு வாராரு. சர்ட்டிபிகேட் இல்லாத பிள்ளைண்ணே, எங்க போனாலும் அவரு ஐசியத்தான் காட்டணும். எனக்கு ஏது ஐசி? இந்த போன்கூட அவரு பேருலதான் இருக்கு."

அப்புறம் தகரக் கதவு அடிபடும் சத்தம், ஒரு பெண் அழுகை, காய்ச்சலில் குழந்தையின் சிணுங்கல். மொத்தம் நாலு நிமிடம். பாவம் குழந்தை என்று நினைத்துக்கொண்டே நேரத்தைக் குறித்து, "குடும்பப் பேச்சு, தொடர்பில்லை" என்று எழுதினேன். ஓரத்துக் கட்டத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருந்த பலருக்குப் போக இடமும் இல்லை, காட்டக் காகிதமும் இல்லை. அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியவில்லை, பிள்ளையின் பிறப்பைப் பதியவில்லை, அந்தப் பிள்ளைக்குப் பிறந்த பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வீட்டுக்கு ஒருவரிடமாவது குடிமக்களுக்கான நீல ஐசி இருக்கும். அவர் பேரில் நாலு சிம், மூன்று மோட்டார் சைக்கிள், இரண்டு வீட்டு மின்சாரம் இருக்கும். யாரும் அதை உதவி என்றுகூடச் சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

போன் மணியம் பேரில் என்ற அந்த வரி என் காதில் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது எனக்குச் செய்தியாகவே படவில்லை. அறைக்கு வெளியே பெட்டியில் கிடந்த என் கைபேசியே செத்துப்போன மனிதர் பேரில் இருந்தது. அந்தக் குளிர் நாட்டு அதிகாரி ஒருவர் கேட்டிருந்தால் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார்: பேசுகிறவன் ஒருவன், பேர் இன்னொருவனுடையதா என்று. இருபத்தாறு வருடம் இந்த மண்ணில் வாழ்ந்து எல்லாம் பழகிப்போன என் காதுதான் கோட்டைவிட்டது.

5

ஒரு வருடம் கழித்து ஈப்போ நீதிமன்றத்தில் ஒரு சாட்சிக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். ஒருவரை வெளிநாட்டிடம் ஒப்படைக்கும் வழக்கு. சாட்சி அவர் மனைவி சரோஜா, பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். நேரத்துக்கு முன்பே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அந்த நம்பர்ல அவரு ஒரு நாள்கூட பேசினது இல்லக்கா. ஆறுமுகத்துக்கு எடுத்துக் குடுத்ததுலா. எங்க லயத்து ஆளு, ஐசி கிடையாது. அவன் பிள்ளைக்கு டெமாம்னா எங்க வூட்டு மோட்டோவுலதான் தூக்கிக்கிட்டுப் போவாரு."

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"மணியம்."

"அந்த ஆறுமுகம் எங்கே?"

"பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஓடிட்டான். பிள்ளைய எங்ககிட்ட விட்டுட்டான். பேப்பரே இல்லாத ஆள எங்கக்கா தேடுறது? அவன்னு ஒருத்தன் இருந்தான்றதுக்கே சாட்சி இல்லலா."

நீதிமன்ற அலுவலரிடம் போய், இந்த வழக்கோடு எனக்கு முன்பே வேலைத் தொடர்பு உண்டு, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விதிப்படி அது சரி. அன்றைக்கே மணியத்தின் வழக்கறிஞரிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அப்போதுதான் நேர்காணல் கடிதம் வந்திருந்தது. நிரந்தரவாசியின் சிவப்பு ஐசியோடு எத்தனை வரிசைகளில் நின்றிருப்பேன், எத்தனை கவுண்டரில் "நாளைக்கு வாங்க" கேட்டிருப்பேன்! இந்த நேரத்தில் இரண்டு அரசாங்கங்களின் ரகசியக் கோப்பில் கை வைக்கவா?

மகளிடம் மட்டும் சொன்னேன். தேனம்மை என்று பேர் வைத்தோம். கோலாலம்பூருக்குச் சட்டம் படிக்கப் போய் "தேனா" ஆகிவிட்டாள். மாதத்துக்கு ஒரு முறை பேசுவாள், அதுவும் ஆங்கிலத்தில். அழிக்கும் கெடு என்று ஒன்று இருக்கும், நாளைக்கே போய்ச் சொல்லிப் பதிவை நிறுத்தி வைக்கச் சொல் என்று படபடவென்று ஆங்கிலத்தில் பொரிந்தாள்.

"இன்டர்வியூ முடியட்டும்டி. மூணு வாரம்தானே," என்றேன்.

பிறகு தமிழில் கேட்டாள்.

"யாரோட மூணு வாரம்மா அது?"

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளிடம் பேசுகிற பேச்சா என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவள் தமிழில் என்னிடம் அப்படி ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

நேர்காணலில் தேசியக் கோட்பாட்டை மலாயில் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் தட்டாமல் ஒப்பித்தேன். அதிகாரி பாராட்டினார். அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போனேன். அவர் முறைப்படி எழுதினார், முறைப்படி பதில் வந்தது: தொடர்பில்லாதவை எனக் குறிக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி அழிக்கப்பட்டுவிட்டன. அழித்தது நான் நேர்காணலுக்காக மலாய் மனப்பாடம் செய்துகொண்டிருந்த வாரத்தில்.

6

நினைவிலிருந்து சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கூண்டிலும் ஏறினேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் மரியாதையான மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அந்த நாலு நிமிடம் தொடர்பில்லாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்?"

"நான்தான்."

"நீங்கள் தவறு செய்தது அன்றைக்கா, இன்றைக்கா?"

"அன்றைக்கு."

"அதற்கு உங்களிடம் ஆதாரம் ஏதாவது?"

இல்லை என்றேன். ஆதாரத்தை அழிக்கச் சொன்னவளே நான்தானே.

குரலை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று மணியத்தின் வழக்கறிஞர் மன்றாடினார். அக்கம்பக்கத்தார் வந்து சொன்னார்கள். அதெல்லாம் அந்த நாட்டில் விசாரணையின்போது பார்த்துக்கொள்ளட்டும், இங்கே பார்க்க வேண்டியது இரு நாட்டுச் சட்டத்திலும் இது குற்றமா, எண் இவர் பேரில் இருக்கிறதா என்பதுதான் என்றது நீதிமன்றம். இரண்டுக்கும் பதில் ஆமாம். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அந்தக் குளிர் நாட்டில் குரலை ஒப்பிட்டுப் பார்த்து, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்களாம். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், ஒரே பேச்சு.

ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இதில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. உத்தரவு வாங்கித்தான் கேட்டார்கள். பெயரை மறைத்துத்தான் கொடுத்தார்கள். அந்தரங்கத்தை மதித்துத்தான் அழித்தார்கள். இன்றைக்கும் அந்த விதிகள் நல்லவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவற்றை எழுதியவர்கள் ஒரு மனிதன், ஒரு பேர், ஒரு எண் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பேரைப் பத்துப் பேர் போர்த்திக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. அந்தக் கட்டம் அதற்காகத்தான் காலியாக இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று தாழ்வாரத்தில் சரோஜா என் எதிரே வந்து நின்றார்.

"அந்த டேப்ப நீங்க கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்."

"அவரு பேரு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் எழுதல?"

"வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்மா."

"எங்க வூட்டு விஷயம்தானேக்கா இது," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

7

மூன்று மாதம் முன்பு சரோஜாவே என்னைத் தேடி வந்தார். மணியம் அந்தச் சிறையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பேசலாம். விசாரணை முடியும் வரை ஒரு தமிழ் தெரிந்தவர் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார். வழக்கைப் பற்றிப் பேசினால் துண்டித்துவிடுவார்கள். அவருக்குப் புரியாமல் ஏதாவது பேசினாலும் துண்டித்துவிடுவார்கள், ரகசியச் சொல்லாக இருக்குமோ என்று. முதல் இரண்டு அழைப்பும் ஒரு நிமிடம்கூட ஓடவில்லையாம்.

"உங்க ஊர்த் தமிழ் எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா. வேற யாருகிட்ட போறது?"

என் தமிழை இருபத்தெட்டு வருடமாக இந்த ஊர் கேலி செய்கிறது. நான் வாயைத் திறந்தால் "ரேடியோ செய்தி வந்திருச்சு" என்பார்கள். இப்போது வாரம் ஒரு நாள் சுங்காய்க்குப் போய்ச் சரோஜாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதையே சொல்லிக் கொடுக்கிறேன். டெமாம் இல்லை, காய்ச்சல். சூசா இல்லை, கஷ்டம். வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் அந்த "லா"வை விடுங்கள். "அத விட்டா வாயே நிக்க மாட்டேங்குதுலா" என்று அவர் சொல்லி, சொன்னதை உணர்ந்து, நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்ததற்காக எனக்கு அன்று முழுவதும் குற்ற உணர்ச்சியாக இருந்தது. மேசைக்கடியில் ஒரு சின்னப் பெண் மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருப்பாள். ஆறுமுகத்தின் பிள்ளை. நாலு வயசு ஆகிறது, இன்னும் சான்றிதழ் இல்லை.

நேற்று முன்தினம் மத்தியானம் அழைப்பு வந்தபோது நானும் இருந்தேன். சரோஜா காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். மணியத்தின் குரலை நான் கேட்பது அதுதான் முதல் முறை.

"என்னம்மா, யாரோ டீச்சர் மாதிரி பேசுற?"

"நல்லா இருக்கா?"

"நீ எப்படிப் பேசினாலும் நல்லாத்தான் இருக்கு."

கூரை ஒழுகலைப் பற்றிப் பேசினார்கள். அங்கே கொடுக்கும் ரொட்டியைப் பற்றி. அவர் முட்டிவலியைப் பற்றி. ஏழு நிமிடம் ஒரு தடங்கலும் இல்லை. சரோஜாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை. அப்போது மணியம் கேட்டார்.

"அந்தப் பிள்ள எப்படி இருக்கு? அன்னிக்குக் காய்ச்சல்னு நான் மோட்டார்ல தூக்கிக்கிட்டுப் போனேனே, அதுக்கப்புறம் வரலையே?"

இதையும் இப்போது எங்கோ ஓர் அறையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாவம் குழந்தை என்று நினைத்துக்கொண்டு, அதே "தொடர்பில்லை"யை எழுதப் போகிறார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குனிந்து கைபேசியில் வாயை வைத்துக் கத்தினேன்.

"ஐயா, கேட்டுக்கிட்டு இருக்கிறவரே! இதைத் தொடர்பில்லைன்னு போட்டுடாதீங்க! இந்தக் காய்ச்சல் அன்னிக்குப் போன்ல பேசினது இவரில்ல, வேற ஆளு—"

சத்தம் நின்றுவிட்டது.

சரோஜா கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். மேசைமேல் வைத்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். அதில் இன்னும் படிக்காத வரிகள் இருந்தன.

"இன்னும் மூணு நிமிஷம் இருந்துச்சு அக்கா," என்றார்.